பழைய காரில் பெல்ட் போட்டால் தீட்டா?

பழைய கார் பேரணி நடக்கிற ஞாயிற்றுக்கிழமை காலையில் சாலையோரம் நின்றால் இந்தக் காட்சியைப் பார்க்கலாம். பளபளவென்று துடைத்த மோரிஸ் மைனர் ஒன்று வரும். பின்னாலேயே ஒரு ஸ்டாண்டர்ட் ஹெரால்டு, அதற்கும் பின்னால் பெயின்ட் வாசனை இன்னும் போகாத பழைய அம்பாசிடர். ஜனங்கள் கை தட்டுவார்கள், போட்டோ எடுப்பார்கள். அப்பா ஓட்டுவார். பக்கத்தில் அம்மா, அம்மா மடியில் கொடியை ஆட்டிக்கொண்டு இரண்டு வயதுக் குழந்தை. அந்தக் குழந்தையின் நெற்றிக்கும் இரும்பு டேஷ்போர்டுக்கும் நடுவே இருப்பது ஒன்றரை அடி காற்று. வேறொன்றும் இல்லை.

"ஏன் சார் ஒரு பெல்ட் மாட்டக் கூடாதா?" என்று கேட்டால் உடனே பதில் வரும்: "கம்பெனியிலிருந்து வந்தபோதே பெல்ட் கிடையாது. இது ஒரிஜினல்!"

இந்த "ஒரிஜினல்" என்ற சொல்லை வைத்துக்கொண்டு எத்தனை காலத்துக்குத்தான் ஒப்பேற்றுவார்கள்? பழைய காரை ரோட்டில் ஓட்டுகிறவர்கள் அதில் பெல்ட் பொருத்தியே ஆக வேண்டும். பொருத்த முடியாத வண்டியென்றால் அதில் குழந்தையை ஏற்றக் கூடாது. சொல்ல வேண்டியது இவ்வளவுதான். ஆனால் இதற்கு எதிராக வரும் சமாதானங்கள் ஏராளம். ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

சமாதானம் 1: "சட்டம் கேட்கவில்லையே!"

உண்மைதான். இந்தியாவில் புதிய கார்களின் முன்சீட்டுக்கு பெல்ட் கட்டாயமானது 1994-ல். அதற்கு முன்பு தயாரான வண்டிக்காரர்களை இப்போது பெல்ட் மாட்டச் சொல்லி யாரும் கட்டாயப்படுத்துவதில்லை. பெல்ட் உள்ள காரில் அதைப் போடாமல் போனால் 1,000 ரூபாய் அபராதம். பெல்ட்டே இல்லாத காரில் போனால் அந்த அபராதம் கிடையாது. விசித்திரம்தான், ஆனால் சாலையில் நடக்கும் மோதல் எந்த விதிப் புத்தகத்தையும் புரட்டிப் பார்த்துவிட்டு நடப்பதில்லை.

2021-ல் மத்திய அரசு பழம்பெரும் வாகனங்களுக்கென்று தனிப் பதிவு விதிகளைக் கொண்டுவந்தது. 50 வருடத்துக்கு மேல் வயதான வண்டிக்கு "விஏ" என்ற எழுத்துகளோடு தனி நம்பர். சேசிஸ், பாடி, எஞ்சின் ஆகியவற்றில் பெரிய மாற்றம் செய்திருக்கக் கூடாது. இதைக் காட்டி, "பெல்ட் மாட்டினால் பதிவு போய்விடும்" என்று பயமுறுத்துகிறவர்கள் உண்டு. தரையில் நாலு துளை போட்டு இடுப்புப் பெல்ட் மாட்டுவது எந்த ஊரில் எஞ்சின் மாற்றம், எந்த ஊரில் சேசிஸ் மாற்றம்?

பிரிட்டனில் பழைய கார் மோகம் நம்மூரைவிடப் பல மடங்கு அதிகம். அங்கும் பெல்ட் இல்லாமல் தயாரான காரை அப்படியே ஓட்ட அனுமதி உண்டு. ஆனால் அந்தக் காரில் 3 வயதுக்குக் குறைந்த குழந்தையை ஏற்றவே கூடாது. அதற்கு மேற்பட்ட பிள்ளைகள் பின்சீட்டில் மட்டும்தான் உட்காரலாம். காரின் பழமைக்கு மரியாதை, குழந்தையின் உயிருக்கும் மரியாதை. இந்த ஒரு வரி விதியையாவது இங்கே எழுதி வைக்கக் கூடாதா?

சமாதானம் 2: "ஒரிஜினாலிட்டி கெட்டுவிடும்!"

இதைச் சொல்கிறவரின் வண்டியைச் சுற்றி ஒரு நடை நடந்து பாருங்கள். டயர் புதுசு. பேட்டரி புதுசு. 6 வோல்ட் வயரிங்கைக் கழற்றிவிட்டு 12 வோல்ட் போட்டிருப்பார். கை காட்டித் திரும்பிய காலத்து வண்டிக்கு இண்டிகேட்டர் வைத்திருப்பார். பெயின்ட் நிச்சயமாக அந்தக் காலத்துப் பெயின்ட் இல்லை. சீட் ரெக்சின் போன வருடம் தைத்தது. இதெல்லாம் கெடுக்காத ஒரிஜினாலிட்டியை இரண்டு அங்குல அகல நாடா வந்து கெடுத்துவிடுமாம்!

விஷயம் என்னவென்றால், டயரும் பேட்டரியும் மாற்றாவிட்டால் வண்டி நகராது. அதனால் அவை தீட்டு இல்லை. பெல்ட் இல்லாவிட்டாலும் வண்டி நகரும். அதனால் அது தீட்டு. ஆக, இங்கே ஒரிஜினாலிட்டி என்பது கொள்கையே இல்லை, சௌகரியம். அவ்வளவு கவலை இருந்தால் பேரணியில் நடுவர்கள் வரும்போது பெல்ட்டை சீட்டுக்கு அடியில் தள்ளிவிடலாம். வண்டியை என்றைக்காவது அருங்காட்சியகத்துக்குக் கொடுப்பதென்றால் கழற்றியும் விடலாம். உடைந்த மண்டையை அப்படிக் கழற்றி மாட்ட முடியாது.

சமாதானம் 3: "நாற்பதுக்கு மேல் போவதே இல்லை!"

மணிக்கு 40 கி.மீ. என்பது காதுக்குத்தான் சின்ன வேகம். அந்த வேகத்தில் போய் ஒரு சுவரில் மோதுவது, 20 அடி உயரத்திலிருந்து தலைகுப்புற விழுவதற்குச் சமம். மாடி வீட்டு மொட்டைமாடியில் நின்று கீழே எட்டிப் பார்த்தால் புரியும்.

"குழந்தையை நான் கெட்டியாகப் பிடித்துக்கொள்வேன்" என்பார்கள் அம்மாக்கள். பாசத்தில் சந்தேகமே இல்லை, கணக்கில்தான் சந்தேகம். அதே 40 கி.மீ. வேகத்தில் மோதி, முன்பக்கம் இரண்டடி நசுங்கி கார் நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். அந்த நொடியில் 10 கிலோ குழந்தை அம்மாவின் கையில் 100 கிலோவுக்கு மேல் கனக்கும். நாலு 25 கிலோ அரிசி மூட்டைகளைக் கண் இமைப்பதற்குள் யார் ஏந்திப் பிடிப்பார்கள்? அம்மாவும் பெல்ட் போடாமல் இருந்தால் அவருடைய எடையும் சேர்ந்து குழந்தை மேலேயே விழும்.

இன்னொன்று. நீங்கள் நாற்பதில் போகிறீர்கள், சரி. எதிரே வருகிற லாரி?

சமாதானம் 4: "பழைய பாடியில் பெல்ட் மாட்டி என்ன பிரயோஜனம்?"

படித்தவர்களே அதிகம் சொல்வது இதுதான். ஏர்பேக் இல்லை, நசுங்கி அதிர்ச்சியை வாங்கிக்கொள்ளும் முன்பகுதி இல்லை, வெறும் பெல்ட் என்ன செய்துவிடும் என்கிறார்கள். இவர்கள் மறந்துவிடும் சரித்திரம் ஒன்று இருக்கிறது.

மடியையும் தோளையும் சேர்த்துக் கட்டும் மூன்று முனை பெல்ட்டை இன்றைய வடிவத்துக்குக் கொண்டுவந்தவர் நில்ஸ் போலின். விமானத்திலிருந்து ஆளை வெளியே எறியும் இருக்கைகளை வடிவமைத்துக்கொண்டிருந்த சுவீடன் நாட்டுப் பொறியாளர். பிறகு வால்வோ கம்பெனிக்கு வந்தார். 1959-ல் அந்த பெல்ட்டோடு வெளிவந்த காரின் பெயர் பிவி 544. அதன் உடல் வடிவம் 1944-ல் மக்களுக்குக் காட்டப்பட்ட பிவி 444 என்ற காரிலிருந்து வந்தது. அதாவது பெல்ட் முதலில் ஏறியதே இன்று "வின்டேஜ்" என்று கொண்டாடப்படும் வயதுள்ள ஒரு வண்டியில்தான். ஏர்பேக் கிடையாது, ஏபிஎஸ் கிடையாது. வால்வோ அந்தக் காப்புரிமையைப் பூட்டி வைக்காமல் மற்ற கம்பெனிகளும் பயன்படுத்தத் திறந்துவிட்டது.

1967-ல் அதே கம்பெனி தன் கார்கள் சிக்கிய 28,000 விபத்துகளை ஆராய்ந்து அறிக்கை வெளியிட்டது. பெல்ட் போடாதவர்கள் மணிக்கு 20 கி.மீ. வேகத்திலேயே இறந்திருந்தார்கள். பெல்ட் போட்டவர்களில் 96 கி.மீ. வேகத்துக்குக் கீழே ஒருவர்கூட இறக்கவில்லை. அந்த 28,000 கார்களும் 1960-களின் கார்கள். பழைய காரில் பெல்ட்டால் பயனுண்டா என்ற கேள்விக்கு அப்போதே பதில் வந்தாகிவிட்டது.

மறுபுறம், புது கார் என்பதாலேயே பெல்ட் இல்லாமல் தப்பிக்கவும் முடியாது. 2022 செப்டம்பரில் தொழிலதிபர் சைரஸ் மிஸ்திரி பால்கர் அருகே விபத்தில் இறந்தபோது அவர் இருந்தது விலையுயர்ந்த மெர்சிடிஸ் காரின் பின்சீட்டில். பெல்ட் இருந்தது, அவர் போட்டிருக்கவில்லை.

சரி, எதிர்த்தரப்பில் நியாயமே இல்லையா?

ஒரு நியாயம் உண்டு. தப்பாக மாட்டிய பெல்ட் ஆபத்து. துருப்பிடித்துப் பட்டி போட்டு மூடிய தகரத்தில் சாதா ஸ்க்ரூ முடுக்கிவிட்டு "பெல்ட் இருக்கிறது" என்று சொல்வது ஏமாற்று வேலை. இழுப்பு வந்தால் தகரத்தோடு பிய்த்துக்கொண்டு வரும்.

செய்தால் ஒழுங்காகச் செய்ய வேண்டும். முதலில் துருவை வெட்டி எடுத்து நல்ல தகடு வைத்து வெல்டிங். பிறகு தரைக்கு அடியில் கனமான இரும்பு பிளேட் கொடுத்து, பெல்ட்டுக்கென்றே வரும் 7/16 அங்குல ஹைடென்சைல் போல்ட் போட வேண்டும். ஹெரால்டில் தனி சேசிஸ் இருப்பதால் பாரத்தை அதற்கே கொண்டுபோகலாம். அம்பாசிடர், ஃபியட் 1100 இரண்டுக்கும் தனி சேசிஸ் கிடையாது, அதனால் தரையில் பலமான இடமாகத் தேட வேண்டும். சீட்டும் தரையோடு உறுதியாக இருக்க வேண்டும். அது கழன்று வந்தால் பெல்ட் என்ன செய்யும்? இடுப்புப் பெல்ட் வயிற்றில் ஏறக் கூடாது, இடுப்பெலும்பில் படிய வேண்டும். தோள் பெல்ட்டின் மேல்முனை தோளைவிடத் தாழ்வாக இருந்தால் முதுகெலும்பை அமுக்கும். தோள் பெல்ட்டுக்குத் தோதான தூண் இல்லையென்றால் இடுப்புப் பெல்ட் மட்டுமாவது போடலாம். மரச்சட்டத்தில் பாடி கட்டிய 1920-களின் திறந்த கார்களில் இது நிஜமாகவே கஷ்டம். அவற்றைக் காட்சிக்கு வைக்கட்டும், மூடிய பாதையில் ஓட்டட்டும். பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு ஹைவேயில் வர வேண்டாம்.

இது ராக்கெட் வேலை இல்லை. நல்ல டிங்கரிங் கடையும் விவரம் தெரிந்த மெக்கானிக்கும் போதும். பம்பருக்கு குரோம் பூச வாரக்கணக்கில் அலைகிறவர்களுக்கு இதற்கு மட்டும் நேரமில்லை என்றால் யார் நம்புவார்கள்?

பேரணி நடத்துகிறவர்கள் கையில்தான் சாவி இருக்கிறது. விண்ணப்பப் படிவத்தில் இரண்டு வரி சேருங்கள். பெல்ட் பொருத்திய வண்டிக்கே முன்னுரிமை. பெல்ட் இல்லாத வண்டியில் குழந்தைகளுக்கு அனுமதி இல்லை. பரிசு கிடைக்காது என்று தெரிந்தால் ஒரே வருடத்தில் எல்லா வண்டியிலும் பெல்ட் வந்துவிடும். ஹெட்லைட்டைச் சுற்றி இருக்கும் வளையம் சரியான வருடத்துடையதா என்று குனிந்து பார்க்கிற நடுவர்களுக்கு, முன்சீட்டில் உட்கார்ந்திருக்கும் குழந்தையையும் ஒரு தடவை பார்ப்பது பெரிய சிரமமாக இருக்காது.