நாலில் ஒன்று வேறு நிறம்

இந்த வாரம் முழுக்க எனக்கு எரிச்சல். வெளிச்சுவருக்குப் பெயிண்ட் அடிக்க வந்தவர்களின் ஏணி சாய்ந்து, கூடத்து ஜன்னலில் ஒரு பிரவுன் கண்ணாடி உடைந்துவிட்டது. உடைந்தது போகட்டும். மாற்றிப் போட்ட கண்ணாடிதான் கண்ணை உறுத்துகிறது. மற்ற மூன்றும் டிகாஷன் நிறத்தில் இருக்க, புதியது சாம்பல் பூத்த மாதிரி நிற்கிறது. காலை வெயில் தரையில் விழும்போதே இரண்டு விதமாக விழுகிறது. கடைக்காரரிடம் கேட்டேன். "பிரவுன் கேட்டீங்க, பிரவுன்தான் சார் போட்டிருக்கேன். பாக்கப் பாக்கப் பழகிடும்" என்கிறார்.

ரசீது விஷயத்தில் எனக்கு ஒரு பிடிவாதம் உண்டு. கண்ணாடிக் கடை ரசீதில் 'பிரவுன் கிளாஸ் - 1' என்று மட்டும் இருக்கிறது. எத்தனை எம்.எம்., எந்தக் கம்பெனி, என்ன ஷேடு, ஒன்றும் கிடையாது. இவ்வகைக் கண்ணாடியில் நிறம் மேலே பூசப்படுவதில்லை, உருக்கும்போதே உள்ளே கலக்கப்படுகிறது. அதனால் ஒரே சரக்கில் 4 எம்.எம். வெளிறியும் 5 எம்.எம். அடர்ந்தும் தெரியும். பச்சைக்கு இரும்பு, நீலத்துக்கு கோபால்ட், பிரவுனுக்கு இரும்போடு செலினியமும் கோபால்ட்டும். ஒவ்வொரு கம்பெனிக்கும் ஒரு கலவை. உலை அணையாமல் எரிகிறது. ஒரு நிறத்திலிருந்து இன்னொன்றுக்கு மாற்றவே சில நாட்கள் பிடிக்கும். எனவே ஒரு நிறத்தை மொத்தமாக ஓட்டிவிட்டு அடுத்ததற்குப் போவார்கள். அதே நிறம் மறுபடி வரும்போது இம்மியளவு விலகியிருக்கலாம். இதெல்லாம் தெரிந்த கடைக்காரர், உடைந்த துண்டைக் கொண்டுவரச் சொல்லி, வெள்ளைத் தாள் மேல் இரண்டையும் வைத்துக் காட்டிவிட்டுத்தான் கட்டரை எடுப்பார். வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பிடித்தால் மட்டும் போதாது.

கண்ணாடியைப் பற்றித் தேடிப் படித்துக்கொண்டு போனதில் பாஸ்டன் நகரத்து பீக்கன் ஹில் வந்து சேர்ந்தது. அதன் பிறகு என் ஜன்னல் மறந்தே போயிற்று. 1818க்கும் 1824க்கும் இடையில் அங்கே கட்டிய சில வீடுகளுக்கு இங்கிலாந்திலிருந்து கண்ணாடி வந்தது. மணலில் உள்ள இரும்பால் கண்ணாடிக்கு ஒரு பச்சைச் சாயல் வரும். அதைப் போக்க மாங்கனீசு சேர்ப்பது அந்தக் காலத்து வழக்கம். கண்ணாடி தெளிவாகத்தான் கப்பலேறியது. ஆனால் வெயிலின் புற ஊதாக் கதிர் பட்டுப் பட்டு உள்ளிருந்த மாங்கனீசு மாறி, வருடங்கள் போகப் போகச் சட்டம் சட்டமாக ஊதா ஏறியது. சாயம் யாரும் போடவில்லை. இந்த மாற்றத்தை மைக்கேல் ஃபாரடே 1820களிலேயே கவனித்து எழுதியிருக்கிறார்.

பீக்கன் தெருவில் 63, 64 எண் வீடுகளில் அந்த ஊதாச் சட்டங்கள் இன்னும் இருக்கின்றன. ஒரே ஜன்னலில் ஒரு சட்டம் கத்தரிப்பூ நிறம், பக்கத்துச் சட்டம் வெறும் வெள்ளை. உடைந்த இடத்தில் போட்ட கண்ணாடி அப்படியே தெரிகிறது. அதை மறைக்க யாரும் மெனக்கெடவில்லை. பார்க்கிறவர்கள் தேடிப் போய்ப் பார்ப்பதும் அந்த ஊதாவைத்தான். சரக்குக் கோளாறு என்று அன்றே எல்லாவற்றையும் பெயர்த்துப் போட்டிருந்தால், இருநூறு வருட வெயில் என்ன செய்தது என்று நமக்குக் காட்ட அங்கே ஒன்றும் மிஞ்சியிருக்காது.

ஆகவே என் முடிவு இரண்டு விதம். புது வீட்டுக்குப் போட்ட கண்ணாடிக்கு ஜோடி கிடைக்கும், கிடைத்தே ஆக வேண்டும். அதை விட்டுக்கொடுக்கத் தேவையில்லை. வாங்கும்போதே ரசீதில் எம்.எம்., கம்பெனி, ஷேடு மூன்றையும் எழுதி வாங்குங்கள், முடிந்தால் ஒரு கண்ணாடி உபரியாக வாங்கிப் பரணில் போடுங்கள். பழைய வீட்டுக் கண்ணாடிக்கு ஜோடியே கிடையாது. செட்டிநாட்டுப் பக்கம் வண்ணக் கண்ணாடி பதித்த வீடு வைத்திருப்பவர்களை அதனால்தான் கேட்டுக்கொள்கிறேன்: ஒன்று உடைந்தால் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். ஒரே மாதிரி இருக்க வேண்டும் என்று மீதியைப் பெயர்க்காதீர்கள். நிறம் சேராவிட்டால் சேராமலே இருக்கட்டும்.