கணினி விழித்தெழும் முதற்கணம்

பெட்டியின் சாவியைப் பெட்டிக்குள்ளேயே வைத்துப் பூட்டிவிட்டால் அதனைத் திறப்பது எங்ஙனம்? கணினி இயங்கத் தொடங்கும் ஒவ்வொரு முறையும் இவ்விடர் எழுகின்றது. லினக்ஸ் என்னும் திறந்த மூல இயக்க முறைமையின் கெர்னல், வட்டிலுள்ள கோப்புகளைப் படிக்க வேண்டுமாயின், அவ்வட்டினை இயக்கும் நிரல்கள் முன்னரே கைவசம் இருத்தல் வேண்டும். அந்நிரல்களோ பெரும்பாலும் அவ்வட்டிலேயே உறைகின்றன.

இதற்கு 1990களில் கண்ட வழி 'இனிட்ஆர்டி' என்பது. நினைவகத்தின் ஒரு பகுதியை வட்டாகப் பாவித்து, அதில் தற்காலிகக் கோப்பு முறைமையை ஏற்றினர். அப்போலி வட்டின் அளவு மாறாதது. அதிலுள்ள செய்திகள் நினைவகத்தில் இருமுறை இடம் பிடித்தன. 2003 டிசம்பரில் வெளிவந்த 2.6 வரிசைக் கெர்னலில் 'இனிட்ராம்எஃப்எஸ்' என்னும் முறை இடம் பெற்றது. 'சிபிஐஓ' என்னும் பழைய யூனிக்ஸ் முறைப்படி கட்டப்பெற்ற கோப்புக் கட்டினைத் தொடக்க ஏற்றி கெர்னலுடன் சேர்த்தே நினைவகத்தில் இடுகின்றது. கட்டு விரிந்ததும் அதிலுள்ள 'இனிட்' நிரல், வேண்டிய இயக்கிகளை ஏற்றி, உண்மை வட்டினைக் கண்டறிந்து, பொறுப்பை ஒப்படைத்து விலகுகின்றது. கட்டடம் நின்றபின் சாரத்தைப் பிரிப்பது போன்றதே இது.

இஃது வல்லுநர் மட்டும் அறியற்பாலது என்பாருடைய கருத்து ஏற்கத்தக்கதன்று. சென்னை சி-டாக் நிறுவனம் 2007இல் வெளியிட்ட 'பாஸ்' லினக்ஸ், டெபியனை அடிப்படையாகக் கொண்டது. தமிழக அரசு 2011 முதல் மாணவர்க்கு வழங்கிய மடிக்கணினிகள் பலவற்றில் அதுவும் இடம் பெற்றிருந்தது. மின்சாரம் திடீரென நின்று கோப்பு முறைமை பழுதுற்றால், இவ்வகைக் கணினி கரிய திரையில் 'இனிட்ராம்எஃப்எஸ்' என்ற ஒரு சொல்லைக் காட்டி நின்றுவிடக்கூடும். மதிப்பெண் பட்டியலும் களக்குறிப்புகளும் தொலைந்தன என்றஞ்சி, வட்டினை அழித்து முறைமையைப் புதிதாக நிறுவ முற்படுவோர் உளர். அவை உண்மையில் தொலைவது அப்பொழுதுதான்!

அச்சொல்லைத் தமிழாக்கிவிட்டால் போதாதோ எனலாம். அந்நிலையில் தோன்றும் எழுத்துத் திரை தமிழ் வரிவடிவத்தைச் செவ்வனே காட்ட வல்லதன்று. ஆதலின் மொழிபெயர்ப்பு காகிதத்தில் அமைதல் வேண்டும். ஒவ்வொரு கணினி அறையிலும் ஒரு பக்கத் தமிழ்க் குறிப்பு ஒட்டப்பெறுதல் நலம். வட்டினை அழிக்கற்க, 'எக்ஸிட்' எனத் தட்டினால் பழுதின் காரணமும் வட்டுப் பகுதியின் பெயரும் பெரும்பாலும் புலப்படும், முக்கியக் கோப்புகளை, பென்டிரைவிலிருந்து கணினியைத் தொடங்கிப் பிரதி எடுத்த பின்னரே, அப்பகுதியின் மீது 'எஃப்எஸ்சிகே' ஆணையை இயக்குக, புதிய கெர்னல் நிறுவிய பின் நேர்ந்த இடராயின், தொடக்கப் பட்டியலில் பழைய கெர்னலைத் தெரிந்தெடுக்க. இவ்வளவே அதில் வேண்டுவது.

சான்பாடாவிற்குச் சேய்மையிலல்லாத பவாயில், மும்பை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தின் 'ஸ்போக்கன் டுடோரியல்' திட்டம் லினக்ஸ் பாடங்களைத் தமிழிலும் அளித்துள்ளது. கணினியை இயக்கக் கற்பிப்பதோடு, அது விழித்தெழ மறுக்கும் வேளையில் அஞ்சாதிருக்கவும் கற்பித்தலே நிறைவான கல்வியாகும். ஆசிரியரும் களப்பணியாளரும் இதனைக் கருத்திற் கொள்வாராக.