கத்தினால்தான் கபடியா?

போன மாதச் சுவர் இதழில் மரம் வளர்ப்பது பற்றி நாலு பேர் எழுதிவிட்டார்கள். அதனால் நான் கபடி பற்றி எழுதுகிறேன். கபடி பிடிக்காதவர்களும் தயவுசெய்து கடைசி வரை படியுங்கள்.

கபடியில் பாடி வருவது ஒருத்தி. பிடிக்க நிற்பது ஏழு பேர். பார்க்கிறவர்கள், "ஏழு பேர் சேர்ந்து ஒருத்தியைப் பிடிக்க முடியலையா?" என்று சிரிப்பார்கள். இறங்கி நின்று பார்த்தால்தான் கஷ்டம் தெரியும். பெண்கள் கபடி ஆடுகளம் 12 மீட்டர் நீளம், 8 மீட்டர் அகலம். அதில் பாதிதான் நமக்கு. பாடி வருகிறவளுக்கு 30 விநாடி. அதற்குள் யார் பாய்வது, எப்போது பாய்வது, காலைப் பிடிப்பதா இடுப்பைப் பிடிப்பதா என்று ஏழு பேருக்கும் ஒன்றுபோலத் தெரிய வேண்டும். ஒருத்தி முந்திப் பாய்ந்து மற்ற ஆறு பேரும் பார்த்துக்கொண்டு நின்றால், வந்தவள் தொட்டுவிட்டு ஓடிவிடுவாள்.

ஆரம்பத்தில் நாங்கள் எல்லாத்துக்கும் "பிடி, பிடி" என்றுதான் கத்துவோம். யார் பிடிக்கணும் என்று எங்களுக்கே தெரியாது. இன்னொரு கூத்து என்னவென்றால், பாடி வருகிறவளுக்கும் தமிழ் தெரியுமே! நாங்கள் "பிடி" என்று சொல்லி வாயை மூடுவதற்குள் அவள் கோட்டுக்குப் போய்விடுவாள்.

கோடை விடுமுறையில் எங்க பெரியப்பா வீட்டு அண்ணன் போனில் அமெரிக்கக் கால்பந்து காட்டினார். அது நம்ம ஃபுட்பால் மாதிரி இல்லை. முட்டை வடிவப் பந்தைக் கையில் வைத்துக்கொண்டு ஓடுவார்கள். ஒரு பக்கத்துக்கு 11 பேர். தடுக்கிற அணியில் முன்வரிசைக்குப் பின்னால் நிற்கிறவர்களுக்கு லைன்பேக்கர் என்று பெயர். பந்தை எறியப் போகிறவன் மேல் அவர்கள் திடீரென்று பாய்வதைப் பிளிட்ஸ் என்கிறார்கள். ஜெர்மன் மொழியில் அதற்கு மின்னல் என்று அர்த்தமாம். பலமான பக்கத்தில் நிற்கிற லைன்பேக்கருக்குச் சாம், நடுவில் நிற்கிறவருக்கு மைக், பலம் குறைந்த பக்கத்தில் நிற்கிறவருக்கு வில் என்று பட்டப்பெயர். ஆங்கிலத்தில் அந்தப் பக்கத்தைச் சொல்கிற வார்த்தையும் அந்தப் பெயரும் ஒரே எழுத்தில் தொடங்கும். அதனால் சின்னப் பையன்களுக்கும் மறக்காது. யார் பாயணும் என்பதைப் பெயரை வைத்தே சொல்லிவிடலாம்.

இதைக் கேட்டதும் எனக்கு ஒரு யோசனை வந்தது. டீம்ல எல்லாரும் உட்கார்ந்து பேசி நாங்களே பெயர் வைத்தோம்.

1. இட்லி: இடது கார்னர் காலைப் பிடிக்கணும்.
2. வடை: வலது கார்னர் காலைப் பிடிக்கணும்.
3. சட்னி: சங்கிலி. கைகோத்தபடியே வளைக்கணும்.
4. பொங்கல்: எல்லாரும் ஒரே நேரத்தில் பொங்கணும்.
5. காபி: காத்திருக்கணும். யாரும் பாயக் கூடாது.

பி.டி. சார், "என்னம்மா, ஓட்டல் நடத்துறீங்களா?" என்று சிரித்தார். ஆனால் ஒரு வாரத்தில் எங்கள் பிடி நன்றாகவே மாறிவிட்டது.

அப்புறம்தான் அந்த நாள் வந்தது. பக்கத்து ஊர்ப் பள்ளியோடு பயிற்சி ஆட்டம். சுற்றிலும் ஒரே கூட்டம், விசில், சத்தம். கடைசி ரெய்டில் நாங்கள் ஒரு பாயிண்ட் முன்னாடி. சும்மா நின்றிருந்தாலே ஜெயித்திருப்போம். நடுவில் நின்றவள் "காபி" என்றாள். எங்கள் வலது கார்னருக்கு அது காதில் விழவில்லை. அவள் பாய்ந்தாள். வந்தவள் இவளையும் பக்கத்தில் நின்றவளையும் தொட்டுவிட்டுப் போய்விட்டாள். இரண்டு பாயிண்ட். தோற்றுவிட்டோம்.

"செவிடாடி நீ?" என்று எல்லாரும் கத்தினோம். நானும்தான் கத்தினேன். மறைக்க விரும்பவில்லை.

அவளுக்குச் சின்ன வயதிலிருந்தே இடது காது சரியாகக் கேட்காது. அது எங்களுக்கும் தெரியும். தெரிந்தும்தான் அப்படிக் கேட்டோம். மறுநாளிலிருந்து அவள் பயிற்சிக்கு வரவில்லை. அவள் பேரை எழுத வேண்டாம் என்று சொன்னதால் எழுதவில்லை. எழுதாமலே எல்லாருக்கும் தெரியும். கணுக்காலைப் பிடித்தாள் என்றால் உடும்புப்பிடிதான். அவளை மாதிரி கார்னர் நம்ம பள்ளியில் வேறு யாரும் இல்லை.

நான் ஒன்று யோசித்துப் பார்த்தேன். வலது கார்னரில் நின்றால் மற்ற ஆறு பேரும் அவளுக்கு இடது பக்கம்தான் நிற்கிறோம். அதாவது, கேட்காத காதுப் பக்கம் நின்றுகொண்டு கூப்பிட்டுவிட்டு, கேட்கவில்லை என்று அவளைத் திட்டியிருக்கிறோம். அப்படியென்றால் தப்பு அவள் காதிலா, நாங்கள் சொன்ன விதத்திலா? என் கருத்து இதுதான்: ஏழு பேருக்கும் போய்ச் சேராத சொல், டீமோட சொல் ஆகாது. அதை மாற்ற வேண்டியது சொல்கிறவர்கள் வேலை.

அதே அமெரிக்கக் கால்பந்தில் இன்னொரு விஷயம் இருக்கிறது. ஒவ்வொரு ஆட்டத்துக்கும் முன்னால் வீரர்கள் வட்டமாகக் குனிந்து நின்று ரகசியம் பேசுவார்கள். இது எப்படி வந்தது என்று அண்ணன் தேடிப் படித்துச் சொன்னார். வாஷிங்டன் நகரில் காது கேளாத மாணவர்கள் படிக்கும் காலாடெட் கல்லூரி இருக்கிறது. இப்போது அது பல்கலைக்கழகம். 1890-களில் அங்கே பால் ஹப்பர்ட் என்ற மாணவர் அணியை நடத்தினார். அவர்கள் சைகை மொழியில்தான் பேசுவார்கள். எதிரணியும் காது கேளாதவர்களாக இருந்தால் அந்தச் சைகையைப் படித்துவிடுவார்கள் இல்லையா? அதனால் வட்டமாக நின்று கையை மறைத்துப் பேசினார்களாம். இன்றைக்குக் காது நன்றாகக் கேட்கிற அணிகளும் அதையேதான் செய்கின்றன. இன்னொன்றும் சொல்கிறேன். அந்த நாட்டின் பெரிய தொழில்முறைப் போட்டிகளில் 2008-லிருந்து தடுக்கிற அணியில் ஒருவருக்கு ஹெல்மெட்டுக்குள் ரேடியோ வைத்துக்கொள்ள அனுமதி உண்டு. அவ்வளவு பெரிய வீரர்களுக்கே கூட்டத்தின் சத்தத்தில் வெளியிலிருந்து சொல்வது கேட்காது. நம்ம பிள்ளைக்கு மட்டும் கேட்டே ஆகணுமா?

நமக்கு ரேடியோ வேண்டாம். கபடியில் கைகோத்துத்தானே நிற்கிறோம்! கார்னரும் பக்கத்தில் நிற்பவளும் ஒருத்தி கையை ஒருத்தி பிடித்திருப்பது வழக்கம். ஒரு அழுத்து அழுத்தினால் இட்லி. இரண்டு அழுத்தினால் வடை. மூன்று என்றால் சட்னி. நாலு என்றால் பொங்கல். விடாமல் இறுக்கிப் பிடித்தால் காபி. பாடி வருகிறவளுக்கு ஒன்றுமே கேட்காது. ஆள் குறைந்து கை கோக்க முடியாவிட்டால், முன்னால் நிற்கிற கவர் முதுகுக்குப் பின்னால் விரல் காட்டலாம். வாலிபாலில் வலைப் பக்கம் நிற்கிறவர்கள் அப்படிக் காட்டுவதை நான் பார்த்திருக்கிறேன்.

இதற்கு டீமிலேயே எதிர்ப்பு இருக்கிறது. "ஒருத்திக்காக ஏழு பேரும் மாறணுமா?" என்று ஒரு தோழி கேட்டாள். நியாயமான கேள்விதான். ஆனால் போன புதன்கிழமை பி.டி. பீரியடில் இதை நாங்கள் செய்து பார்த்தோம். பாடி வந்தவள் எங்கள் வாயைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். எங்கே பாயப் போகிறோம் என்று அவளுக்குத் தெரியவே இல்லை, மாட்டிக்கொண்டாள். ஒருத்திக்காக யோசித்தது ஏழு பேருக்கும் லாபமாகத்தான் முடிந்தது. "அவளை இடது கார்னருக்கு மாத்திடலாமே" என்றும் சொன்னார்கள். அவள் மூன்று வருஷமாக அந்தப் பக்கம் நின்று பழகியவள். நாம் கையை அழுத்தப் பழக மூன்று நாள் போதும். எது சுலபம்? "கத்தினால்தான் உற்சாகம் வரும்" என்றும் சொல்கிறார்கள். பிடித்த பிறகு தொண்டை கிழியக் கத்துவோம், யார் வேண்டாம் என்றது?

ஞாயிற்றுக்கிழமை நான் அவள் வீட்டுக்குப் போனேன். மன்னிப்புக் கேட்டேன். கொஞ்ச நேரம் அவள் ஒன்றும் பேசவில்லை. அப்புறம் சொன்னாள்: "பாவம்னு கூப்பிட்டா வர மாட்டேன். ஏழு பேரும் சைகையைக் கத்துக்கிட்டு வந்து கூப்பிடுங்க, வரேன்."

எனவே, டீம் தோழிகளே, குறுவட்டப் போட்டிக்கு முன்னால் ஏழு பேரும் இந்தச் சைகைகளைப் பழகுவோம். பழகிவிட்டு எல்லாரும் சேர்ந்து அவள் வீட்டுக்குப் போவோம். பி.டி. சாரிடம் ஒரு வேண்டுகோள்: வாரத்தில் ஒரு நாள் வாயே திறக்காமல் ஆடும் பயிற்சி கொடுங்கள் சார். வேடிக்கை பார்க்க வருகிறவர்களிடம் ஒரு வேண்டுகோள்: யாருக்கும் காதில் விழவில்லை என்றால் அந்த வார்த்தையைச் சொல்லித் திட்டாதீர்கள். அது எவ்வளவு வலிக்கும் என்று அவள் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருந்தபோதுதான் எனக்குத் தெரிந்தது.

ஊர் கூடினால் தேர் நகரும் என்பார்கள். வடம் பிடிக்கிறவர்களில் ஒருத்தியை விட்டுவிட்டு இழுத்தால் பாரம் நமக்குத்தான்.

வலது கார்னர் இன்னும் காலியாகத்தான் இருக்கிறது தோழி. நாங்கள் பழகிக்கொண்டிருக்கிறோம். வருவோம்.



இப்படிக்கு,
ஒன்பதாம் வகுப்பு மாணவி,
கபடிக் குழு (இடது கவர்)