மரக்கட்டை போன் ஆம்ப்ளிஃபையர்: செய்யுங்க, ஆனா அதை காது மெஷின் ஆக்காதீங்க

1/ மரக்கட்டையில ஒரு பள்ளம் வெட்டி, அதுல செல்போனை நிக்க வெச்சு, கரண்ட் இல்லாம பாட்டை சத்தமா கேட்கிற வீடியோக்கள் நிறைய சுத்துது. இதைப் பத்தி ரெண்டு கேள்வி வருது. நிஜமாவே வேலை செய்யுமா? காது மந்தமான தாத்தாவுக்கு செஞ்சு கொடுக்கலாமா? முதல் கேள்விக்கு பதில்: ஆமாம். ரெண்டாவது கேள்விக்குத்தான் இந்த த்ரெட்.

2/ போனோட ஸ்பீக்கர் அடிப்பக்கம் ஒரு சின்ன ஓட்டை. அதுல வர்ற சத்தம் நாலாபக்கமும் சிதறிடும். சொம்புக்குள்ள போனைப் போட்டுப் பாட்டு கேட்டவங்களுக்கு மீதி கதை தெரியும். குறுகலா ஆரம்பிச்சு மெதுவா விரியற குழாய், சத்தத்தை அறைக் காற்றுக்கு நல்லா கடத்தி, ஒரே பக்கமா திருப்பி விடுது. புதுசா சக்தி எதுவும் பிறக்கல, வீணாகிறது குறையுது. அவ்வளவுதான். நாகஸ்வரத்தோட அடியில விரிஞ்சிருக்கிற அணசைப் பாருங்க, நம்ம ஊர் தச்சருக்கு இது புது விஷயமே இல்ல.

3/ எங்க தொழிலே இப்படி ஒரு மரக்குழாயில ஆரம்பிச்சதுதான். 1816ல பாரீஸ்ல லென்னெக்ங்கிற மருத்துவர் காகிதத்தைச் சுருட்டி ஒரு நோயாளியோட நெஞ்சில வெச்சுக் கேட்டார். அப்புறம் மரத்துல கடைஞ்சு எடுத்ததுதான் முதல் ஸ்டெதஸ்கோப். வயித்துல இருக்கிற குழந்தையோட இதயத் துடிப்பைக் கேட்கிற பினார்ட் குழலும் அதே குடும்பம். அதனால "கட்டையில என்ன சயின்ஸ்?"னு நான் சிரிக்க மாட்டேன்.

4/ செய்முறை சிம்பிள். ஒரு அடி நீளக் கட்டைத் துண்டு ரெண்டு. தேக்கோ, வேம்போ, பட்டறையில மிஞ்சினது போதும். ரெண்டுலயும் பாதிப் பாதியா குழாயை உளியால குடைஞ்சு, புத்தகம் மாதிரி சேர்த்து ஒட்டணும். போன் நிக்கிற பள்ளம் கவரோட தடிமனை விட ஒரு மில்லிமீட்டர் கூட இருக்கட்டும். ஸ்பீக்கர் எந்தப் பக்கம்னு முதல்ல பாருங்க. பல போன்ல அடியில இருக்கிற ரெண்டு வரிசை ஓட்டையில ஒண்ணுலதான் சத்தம் வரும், இன்னொண்ணு மைக். ஸ்பீக்கருக்கு நேர் கீழே ரெண்டு செ.மீ. அகலத்துல ஆரம்பிச்சு, முன்பக்க வாய் எட்டு செ.மீ. வரை விரியட்டும். உள்பக்கம் உப்புத்தாள் போட்டு வழவழன்னு ஆக்குங்க.

5/ டாக்டரா ஒரு குறுக்கீடு. மரத்தூள் சும்மா தூசி இல்ல. மூக்கு, சைனஸ் புற்றுநோயோட தொடர்பு நிரூபிக்கப்பட்டு, உலக சுகாதார நிறுவனத்தோட புற்றுநோய் ஆராய்ச்சி அமைப்பு இதை முதல் பிரிவுல வெச்சிருக்கு. மாஸ்க் போடுங்க. வட்ட ரம்பம் ஓடற இடத்துல சத்தம் சர்வசாதாரணமா 100 டெசிபலைத் தொடும். 85 டெசிபல்ல எட்டு மணி நேரம் வேலை செய்யலாம்னா, 100ல பதினஞ்சு நிமிஷம்தான் பாதுகாப்பு. சத்தம் கேட்க ஒரு பொட்டி செய்யப் போய் காதைத் தொலைக்கக் கூடாது. தினமும் அந்த மெஷின் முன்னாடி நிக்கிற ஆசாரிக்கு இயர்மஃப் வாங்கிக் கொடுக்கிறது முதலாளியோட கடமை.

6/ யாருக்கு இது நல்லது? சமைக்கும்போதும் படிக்கும்போதும் மணிக்கணக்கா இயர்பட்ஸ் மாட்டியிருக்கிற பிள்ளைங்களுக்கு. உலகத்துல 100 கோடிக்கும் அதிகமான இளைஞர்களோட காது, பாதுகாப்பில்லாம சத்தம் கேட்கிறதால ஆபத்துல இருக்குன்னு உலக சுகாதார நிறுவனம் சொல்லுது. மேசையில இருக்கிற கட்டை காதுக்குள்ள சத்தத்தைத் திணிக்காது. தள்ளிப் போகப் போக சத்தம் குறையும். ஆனா பஸ்லயும் வார்டுலயும் இதை வெச்சு ரீல்ஸ் ஓட்டாதீங்க ப்ளீஸ்.

7/ இப்ப தாத்தா விஷயம். இவ்வளவு சின்னக் குழாய் கனமான சத்தங்களைத் தூக்காது, நடு, உச்ச சத்தங்களைத்தான் கொஞ்சம் தூக்கும். மந்தம் லேசா இருந்தா போன் பேச்சு ஓரளவு தெளிவாகலாம். ஆனா வயசானதால வர்ற மந்தத்துல, உள்காதுல இருக்கிற நுண்முடி செல்களே அழிஞ்சிருக்கும். "ச", "த", "க" எல்லாம் ஒண்ணு மாதிரி கேட்கும். "சத்தம் கேட்குது, என்ன பேசறாங்கன்னுதான் புரியல"ம்பாங்க. அதுக்கு கட்டை பதில் இல்ல. ஒவ்வொரு சுருதியிலயும் எவ்வளவு குறைஞ்சிருக்குன்னு அளந்து, அதுக்கேத்தபடி ட்யூன் பண்ற காது மெஷின்தான் பதில்.

8/ "வயசானா அப்படித்தான்"னு நாம விட்டுடறோம். கேட்காத மனுஷன் முதல்ல போன் எடுக்கிறதை நிறுத்துவார், அப்புறம் கல்யாண வீட்டுக்கு வரமாட்டார், அப்புறம் பேச்சே குறையும். தடுக்கக்கூடிய மறதி நோய்க் காரணங்கள் வரிசையில காது மந்தத்தையும் லான்செட் ஆணையம் சேர்த்திருக்கு. இது வெறும் காது பிரச்சினை இல்ல.

9/ செய்ய வேண்டியது: அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையோட காது மூக்கு தொண்டைப் பிரிவுல காட்டுங்க. சில பேருக்கு வெறும் அழுக்கு அடைப்பாதான் இருக்கும், எடுத்தா முடிஞ்சது. தேவைன்னா செவித்திறன் பரிசோதனை. தகுதி இருந்தா மாற்றுத்திறனாளிகள் நலத்துறை மூலமா காதொலிக் கருவி இலவசமாவே கிடைக்கும். ஒரு காது திடீர்னு ஒரே நாள்ல கேட்காம போனா அது அவசரம். அன்னிக்கே வாங்க, நாள் தள்ளினா சிகிச்சையோட பலன் குறையும்.

10/ லீவு நாள்ல பேரனும் தாத்தாவும் சேர்ந்து அந்தக் கட்டையைக் குடையட்டும். பட்டறையில உட்கார்ந்து பேசற அந்த ரெண்டு மணி நேரத்துல, தாத்தா எத்தனை தடவை "என்னப்பா?"ன்னு கேட்கிறார்னு பேரன் எண்ணட்டும். அடிக்கடின்னா, மறுநாள் காலையில ஓ.பி. சீட்டு போடுங்க.