விளையாட்டா? ஆள்பிடிப்பா?

இந்திய விமானப்படையார் 2019 ஜூலை 31-ந் தேதி, வாலிபர்களைப் படைக்கு இழுக்கும் உத்தேசத்துடன், ‘எ கட் அபவ்’ என்னும் கைப்பேசிச் சண்டை விளையாட்டை வெளியிட்டார்கள். 2014-லும் இவ்விதம் ஒன்று வெளியிட்டதுண்டு. அமெரிக்கத் தரைப்படையார் 2002 முதல் 2022 வரை இதே வேலையை இலவசமாய்ச் செய்து வந்தார்கள்.

திண்டுக்கல்லில் பூட்டுப் பட்டறையிலும் தோல் ஷாப்பிலும் பாடுபடும் தோழர்களின் பிள்ளைகள் கையிலும் இன்று கைப்பேசி இருக்கிறது. ஆகையால் கேட்கிறோம்: விளையாட்டில் விமானம் நொறுங்கினாலும் மறுபடி ஆட்டம் துவக்கலாம். புராணக்காரன் சொல்லும் மறுஜன்மப் புளுகுக்கும் இதற்கும் என்ன வித்தியாசம்? நிஜக் குண்டு பட்டவனுக்கு மறு ஆட்டம் உண்டா? 2022-ல் அக்னிபாத் திட்டத்தை அறிவித்தபோது, நாலு வருஷம் கழித்து நூற்றுக்கு 25 பேர் வரைதான் படையில் நீடிக்கலாமென்றார்கள். மற்ற 75 பேரின் கதியை எந்த விளையாட்டு சொல்லிக்கொடுக்கும்?

வயிற்றுப் பிழைப்புக்குப் பட்டாளத்தில் சேருகிறவனை நாம் இகழவில்லை. ஆனால் கூலி, காலம், ஆபத்து ஆகிய மூன்றையும் மறைக்காமல் சொல்லி, வயது வந்தவனிடம் சம்மதம் கேட்பதே யோக்கியமான காரியமாகும். மீசை முளைக்காத பிள்ளைக்கு விளையாட்டுக் காட்டுவது, மிட்டாய் காட்டி அழைப்பதேயல்லாமல் வேறென்ன? பெற்றோர்கள் யோசித்துப் பார்ப்பார்களாக.