இத்தாலியின் பழைய நகரங்களில் காரும் கட்டணமும்

இத்தாலியில் கார் ஓட்டிவிட்டு ஊர் திரும்பியவர்களுக்குப் பல மாதம் கழித்து அபராதக் கடிதம் வருவதுண்டு. யாரும் வண்டியை நிறுத்தவில்லை, விசில் ஊதவில்லை. பிறகு எப்படி என்று திகைக்கிறார்கள். மோசடியோ என்றும் சிலர் சந்தேகப்படுகிறார்கள். விதி எப்படி இயங்குகிறது என்று தெரிந்தால் இந்தத் திகைப்புக்கு இடமிருக்காது.

ஃபுளோரன்ஸ், ரோம், பைசா போன்ற ஊர்களில் நகரின் பழைய பகுதி ‘இசட்.டி.எல்.’ எனப்படும் போக்குவரத்துக் கட்டுப்பாட்டு வட்டாரம். அனுமதி பெற்ற வண்டிகள் மட்டுமே உள்ளே போகலாம். வாசலில் தடுப்புக் கட்டை எதுவும் கிடையாது. சிவப்பு வளையமிட்ட வெள்ளைப் பலகை ஒன்றும் வண்டி எண்ணைப் படிக்கும் கேமராவும்தான் இருக்கும். மின்பலகையில் ‘வார்கோ அத்தீவோ’ என்று வந்தால் கட்டுப்பாடு அமலில் இருக்கிறது, நுழையக் கூடாது என்று பொருள். வழி திறந்திருக்கிறது என்று நினைத்து உள்ளே போய்விடுபவர்கள் ஏராளம். கட்டுப்பாட்டு நேரம் ஊருக்கு ஊர் மாறும். ஃபுளோரன்ஸில் கோடைகால இரவுகளில் இன்னும் நீளும். செல்போன் வழிகாட்டியை மட்டும் நம்பிப் போவது ஆபத்து. ஒவ்வொரு கேமராவைக் கடப்பதும் தனிக் குற்றமாகலாம்.

வாடகைக் கார் எடுத்தவர்களை அதிகம் குழப்புவது, பணம் இரண்டு முறை போவது. முதலில் கார் நிறுவனம் உங்கள் கார்டிலிருந்து ஒரு தொகையை எடுக்கும். அது அபராதமல்ல, உங்கள் பெயரையும் முகவரியையும் போலீசுக்குக் கொடுத்ததற்கான கட்டணம். அபராதம் தனியே வரும். வெளிநாட்டில் வசிப்பவருக்கு அதை அனுப்பச் சட்டம் 360 நாள் அவகாசம் தருகிறது. கடிதம் கிடைத்த ஐந்து நாளுக்குள் கட்டினால் 30 சதவீதம் குறையும்.

தங்கும் விடுதி வட்டாரத்துக்குள் இருந்தால், வண்டி எண்ணை நகராட்சியில் பதிந்து தருவார்களா என்று அறை எடுக்கும்போதே கேட்டுவிடுங்கள். அதைவிட நல்லது, காரை வெளியிலேயே விட்டுவிடுவது. ஃபுளோரன்ஸில் ஏ1 நெடுஞ்சாலையை ஒட்டியே வில்லா கொஸ்தான்சா நிறுத்துமிடம் இருக்கிறது. அங்கிருந்து டிராமில் நகருக்குள் போய்விடலாம். இந்திய உரிமத்தோடு ஓட்டுபவர், ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் வாங்கிய சர்வதேச ஓட்டுநர் அனுமதியையும் கையில் வைத்திருக்க வேண்டும்.

ரயில் விஷயம் சுலபம். பிராந்திய ரயிலுக்குக் காகித டிக்கெட் வாங்கினால், ஏறுமுன் நடைமேடை இயந்திரத்தில் முத்திரை குத்த வேண்டும். குத்தாத டிக்கெட்டுக்கு அபராதம் உண்டு. இருக்கையும் நேரமும் குறித்த அதிவேக ரயில் டிக்கெட்டுக்கு இது தேவையில்லை.

விடுதியில் கேட்கும் தங்கல் வரியை ஏமாற்று என்று நினைத்துச் சண்டை போட வேண்டாம். ஆளுக்கு, இரவுக்கு இவ்வளவு என்று நகராட்சி விதிப்பது அது. ரோமில் 2011 முதல் இருக்கிறது. விடுதியின் தரத்தைப் பொறுத்துத் தொகை ஏறும். இணையத்தில் பார்த்த அறை வாடகையில் இது பெரும்பாலும் சேர்ந்திருக்காது.

வெனிஸ் நுழைவுக் கட்டணம் வேறு. 2024 ஏப்ரல் 25 முதல், அறிவிக்கப்பட்ட நாள்களில் மட்டும், பகலில் வந்து திரும்புபவர்களிடம் 5 யூரோ வாங்கத் தொடங்கினார்கள். 2025இல் கடைசி நேரத்தில் பதிபவருக்கு அது 10 யூரோ ஆனது. 1951இல் சுமார் 1,75,000 பேர் வாழ்ந்த வெனிஸ் தீவு நகரில் இன்று 50,000 பேர்கூட இல்லை. அந்த ஊர் தன்னைக் காத்துக்கொள்ள முயல்வது நியாயமே என்பது என் எண்ணம். ஆனால் வெளிநாட்டார் படிக்கும்படி பலகை வைப்பதும் இந்த நகரங்களின் கடமை. வார்கோ பலகையில் அந்தக் கடமை இன்னும் நிறைவேறவில்லை.

வெனிஸில் இரவு தங்குபவருக்கு நுழைவுக் கட்டணம் கிடையாது. கரைப்பக்கத்து மெஸ்த்ரேயும் அதே நகராட்சிதான் என்பதால் அங்கே தங்குபவருக்கும் இந்த விலக்கு உண்டு. என்றாலும் இணையத்தில் பதிந்து விலக்குக் குறியீட்டைப் பெற்றுக்கொள்ள வேண்டும். சாந்தா லூச்சியா ரயில் நிலையத்தருகே சோதனை நடப்பதால், ரயில் ஏறும் முன்பே அதைச் செல்போனில் சேமித்து வைத்துக்கொள்ளுங்கள்.