இடத்தை அடைத்தது யார்?

கணினியில் "இடம் இல்லை" என்று எழுத்து வருகிறது. உடனே வீட்டில் என்ன நடக்கிறது? கண்ணில் பட்டதை எல்லாம் அழிக்கிறார்கள். முதலில் பலியாவது புகைப்படங்கள்தான்!

கீரமங்கலத்தில் ஒரு விவசாயி வீடு என்று வைத்துக்கொள்வோம். மகனுக்குப் பள்ளியில் கொடுத்த மடிக்கணினி அங்கே இருக்கிறது. தமிழக அரசு 2011-ம் ஆண்டு தொடங்கிய இலவசத் திட்டத்தில் வந்தது.

2018 நவம்பர் 16-ந் தேதி கஜா புயல் அடித்தது. புதுக்கோட்டை மாவட்டத்தில் தோப்புத் தோப்பாகத் தென்னைகள் சாய்ந்தன. விழுந்த மரங்களை அந்த வீட்டார் செல்போனில் படம் பிடித்து, மடிக்கணினியில் ஏற்றி வைத்தார்கள். தாத்தா வைத்த மரங்கள். மரம் போய்விட்டது. படம்தான் மிச்சம்.

"பழைய படம்தானே அப்பா, அழித்துவிடுகிறேன்" என்கிறான் மகன்.

அழித்தால் எவ்வளவு இடம் கிடைக்கும்? ஒரு படம் ஏறத்தாழ 4 எம்.பி. நூறு படம் போனால் 400 எம்.பி. ஆனால், ஒரே ஒரு சினிமாப் படம் 2 ஜி.பி. இருக்கும். அது சுமார் 500 புகைப்படங்களுக்குச் சமம்! நெல் மூட்டையை நடுவீட்டில் வைத்துக்கொண்டு, ஊசி டப்பாவை வெளியே எறிகிற கதைதான் இது.

ஒரு டன் பெட்டி

1956-ம் ஆண்டு ஐ.பி.எம். கம்பெனி முதல் ஹார்டு டிஸ்கை வெளியிட்டது. எடை சுமார் ஒரு டன். அதில் 50 லட்சம் எழுத்துகள் அடங்கின. இன்றைய செல்போன் படம் ஒன்றை வைத்தாலே அது நிறைந்துவிடும்! இடம் மலிந்த பிறகுதான் கணக்குப் பார்க்கும் பழக்கம் போயிற்று.

பார்ப்பது எப்படி?

கணினியில் இருப்பது பெட்டிக்குள் பெட்டி. அதைத்தான் போல்டர் என்கிறார்கள். ஒரு போல்டரின் மேல் சுட்டியின் வலது பொத்தானை அழுத்தி, "பிராப்பர்ட்டீஸ்" என்பதைத் தொட்டால் அதன் அளவு தெரியும். எல்லாவற்றிலும் பெரியது எதுவோ, அதைத் திறக்கவேண்டும். அதற்குள் பெரியது எது? அதையும் திறக்கவேண்டும். நாலைந்து படி இறங்கினால் ஆள் அகப்பட்டுவிடுவான்!

இந்த வேலையைத் தானாகச் செய்யும் இலவச மென்பொருளும் உண்டு. "வின்டிர்ஸ்டாட்" என்று பெயர். பெரிய கோப்பைப் பெரிய கட்டமாக, வண்ணத்தில் வரைந்து காட்டும். லினக்ஸ் கணினியில் "டியூ" என்ற கட்டளை போதும். யூனிக்ஸ் கணினிகளில் 1971-லேயே இருந்த கட்டளை இது.

ஒரு எச்சரிக்கை. "விண்டோஸ்" என்ற போல்டர் பெரிதாகத்தான் இருக்கும். அதில் கை வைக்கக்கூடாது. கணினியே எழுந்திருக்காது!

மடிக்கணினி கொடுத்தது நல்ல காரியம். இந்தக் கணக்கையும் ஒரு வகுப்பில் சொல்லித் தந்திருக்கலாம். அரை மணி நேரப் பாடம்தான்.

கீரமங்கலம் வீட்டில் தேடினால் என்ன கிடைக்கும்? "டவுன்லோட்ஸ்" போல்டரில் பார்த்து முடித்த சினிமாக்கள். ஒரே செல்போனில் இருந்து மூன்று தடவை எடுத்து வைத்த நகல். அழித்தும் காலி செய்யாத குப்பைத்தொட்டி. அதைக் காலி செய்யும்வரை இடம் திரும்பாது.

இவை போனாலே போதும். தென்னை மரப் படங்கள் இருந்த இடத்திலேயே இருக்கலாம். ஆனாலும் ஒரு பென் டிரைவில் இன்னொரு நகல் எடுத்து, பீரோவில் பட்டா இருக்கும் பையிலேயே போட்டு வைப்பது நல்லது. ஹார்டு டிஸ்க் ஒருநாள் சொல்லாமல் கெட்டுப்போகும்.